தானம் வந்த மாடானாலும் பல்லைப் பிடித்துப் பார்!

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?” என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. இதைக் கட்டியவன் யார்? அந்த மாட்டை ஏரில் பூட்டி உழ வேண்டிய குடியானவனாக இருக்க முடியாது. கொடுத்ததாகப் பெயர் வாங்கிக்கொண்டு போன பெரிய மனிதர்தான் கட்டியிருக்க வேண்டும். மாட்டுக்குப் பல் போயிருந்தால் அவருக்கு என்ன நஷ்டம்? நடு வயலில் மாடு படுத்துக்கொண்டால் நஷ்டம் உழுகிறவனுக்கு!

இந்தப் பழமொழி இப்போது கம்ப்யூட்டர் உலகத்தில் மறுபிறவி எடுத்திருக்கிறது. சொன்னதைக் கேட்டுப் படம் போடும் செயற்கை நுண்ணறிவு மாடல்களும், புரோகிராம் எழுதித் தரும் மாடல்களும் “திறந்தவை” என்ற பெயரோடு இலவசமாக வந்து குவிகின்றன. “சும்மா கிடைக்கிறது, எதையாவது இறக்கிக்கொள், கேள்வி என்ன வேண்டிக்கிடக்கிறது?” என்று உபதேசம் செய்கிற பண்டிதர்களும் பெருகிவிட்டார்கள். இந்த உபதேசம் தவறானது. தவறானது மட்டுமல்ல, உழைத்துப் பிழைப்பவனுக்கு ஆபத்தானது. அதைக் காட்டவே இதை எழுதுகிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன், விஞ்ஞானி அல்ல. ஆனால் பத்திரம் படிக்கத் தெரியும். குத்தகைச் சீட்டுகளையும் தாலுகா ஆபீஸ் உத்தரவுகளையும் வரி வரியாகப் படித்து, எந்த வரியில் குடியானவனின் கழுத்துக்குச் சுருக்கு இருக்கிறது என்று பார்ப்பது இருபது வருஷமாக என் வேலை. அதே கண்ணோடு இந்த மாடல்களின் லைசென்ஸ் பத்திரங்களையும் படிக்க நேர்ந்தது.

காரணம் இரண்டு இளைஞர்கள். ஒருவர் சிறு அச்சகம் ஒன்றில் நோட்டீசும் போஸ்டரும் வடிவமைப்பவர். மற்றவர் ஒரு பத்திரிகையின் சந்தாக் கணக்குக்குப் புரோகிராம் எழுதித் தர முன்வந்தவர். எந்த மாடலை எடுப்பது என்று இருவருக்குள்ளும் இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில், “தோழர், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்” என்று வந்து நின்றார்கள்.

“தம்பிகளா, மாட்டுச் சந்தையில் உங்கள் தாத்தா என்ன செய்தார்? பல்லைப் பிடித்துப் பார்த்தார். தீனி எவ்வளவு தின்னும் என்று கேட்டார். ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டிப் பார்த்தார். நீங்களும் அந்த மூன்றையும் செய்யுங்கள்” என்றேன். அந்த மூன்றையும்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

“திறந்தது” என்றால் எவ்வளவு திறந்தது?

1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். அந்த இயக்கம் சுதந்திர மென்பொருள் என்பதற்குத் தெளிவான அர்த்தம் கொடுத்தது. எந்தக் காரியத்துக்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது சுதந்திரம் அல்ல.

இன்றைய மாடல்களுக்கு வருவோம். ஒரு மாடலை உண்டாக்க முதலில் கோடிக்கணக்கான படங்களோ எழுத்துக்களோ வேண்டும். அவற்றைக் கொண்டு பயிற்சி கொடுக்கும் புரோகிராம் வேண்டும். பயிற்சி முடிந்ததும் கிடைப்பது எண்கள் அடங்கிய ஒரு பெரிய கோப்பு. அதற்கு “எடைகள்” என்று பெயர். பெரும்பாலான கம்பெனிகள் வெளியே கொடுப்பது இந்தக் கடைசிச் சரக்கை மட்டும்தான்! மாவைக் கொடுக்கிறார்கள், எந்தத் தானியத்தை அரைத்தார்கள், அது யார் வயலில் விளைந்தது என்பதைச் சொல்வதில்லை. ஆனால் மூட்டையின் மேல் மட்டும் “திறந்த மூலம்” என்று கொட்டை எழுத்தில் முத்திரை குத்துகிறார்கள்.

மெட்டா கம்பெனியின் லாமா மாடல்களைப் பாருங்கள். “திறந்த மூலம்” என்று தம்பட்டம் அடித்தார்கள். பத்திரம் என்ன சொல்கிறது? மாதம் 70 கோடி பேருக்கு மேல் உபயோகிக்கும் கம்பெனியானால் மெட்டாவிடம் தனி அனுமதி கேட்க வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த லாமா 4-ன் பத்திரத்திலோ, ஐரோப்பிய யூனியனில் குடியிருப்பவருக்கு உரிமையே கொடுக்கவில்லை! ஊரைப் பார்த்து, ஆளைப் பார்த்துத் திறக்கிற கதவுக்குத் திறந்த கதவு என்றா பெயர்? திறந்த மூலத்துக்கு இலக்கணம் வகுக்கும் ஓபன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற ஸ்தாபனம், லாமா திறந்த மூலம் அல்ல என்று பகிரங்கமாகவே சொல்லிவிட்டது.

அப்படியானால் உண்மையாகத் திறப்பது முடியாத காரியமா? முடியும். அமெரிக்காவின் ஆலன் இன்ஸ்டிட்யூட், 2024 பிப்ரவரியில் ஓல்மோ என்ற மாடலை வெளியிட்டபோது எண்களோடு பயிற்சித் தரவையும் புரோகிராமையும் சேர்த்தே கொடுத்தது. புரோகிராம் எழுதும் ஸ்டார்கோடர் மாடலைச் செய்த பிக்கோட் குழு, தாராள லைசென்ஸ் உள்ள மூலநிரல்களைத் திரட்டிய தொகுப்பை வெளியிட்டு, “என்னுடையதை எடுத்துவிடு” என்று எழுதியவர் கேட்டால் எடுத்துவிடவும் வழி வைத்தது. ஆகவே, முடியாது என்பது பொய். மனமில்லை என்பதே மெய்.

பல்: லைசென்ஸ் பத்திரம்

படம் போடும் மாடல்களிலே ஃப்ளக்ஸ் என்று ஒரு குடும்பம் உண்டு. நம் தெருமுனையில் கட்டும் ஃபிளெக்ஸ் போர்டு அல்ல. ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ் கம்பெனி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட மாடல். ஒரே தாய் வயிற்றில் மூன்று பிள்ளைகள். மூத்தவன் “ப்ரோ”: அவனை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, காசு கொடுத்து வெளியிலிருந்தே வேலை வாங்க வேண்டும். நடுவன் “டெவ்”: எண்கள் கையில் கிடைக்கும், ஆனால் வியாபாரமில்லாத உபயோகத்துக்கு மட்டும். இளையவன் “ஷ்னெல்”: அப்பாச்சி 2.0 லைசென்ஸ், யாரும் எதற்கும் உபயோகிக்கலாம். நம் அச்சக நண்பர் “ஃப்ளக்ஸ் திறந்தது” என்று கேள்விப்பட்டு இறக்கி வைத்திருந்தது எது தெரியுமா? நடுவனை! கூலிக்குப் போஸ்டர் போடும் தொழிலாளி, வியாபாரத்துக்கு ஆகாது என்று எழுதிய மாட்டை ஏரில் பூட்டியிருந்தார். “படத்தை விற்கலாம் என்று படித்தேனே!” என்றார். படத்தை என்ன செய்யலாம் என்பது பத்திரத்தில் ஒரு பிரிவு. மாடலைத் தொழிலில் ஓட்டலாமா என்பது வேறொரு பிரிவு. இரண்டையும் படிக்க வேண்டும்.

புரோகிராம் எழுதும் மாடல்களிலும் இதே கதைதான். பிரான்ஸ் நாட்டு மிஸ்ட்ரல் கம்பெனி 2024 மே மாதம் கோட்ஸ்ட்ரல் என்ற மாடலை வெளியிட்டது. சோதித்துப் பார்க்கலாம், ஆராய்ச்சி செய்யலாம், உற்பத்தி வேலைக்கு ஆகாது என்பது அதன் லைசென்ஸ். அடுத்த வருஷம், 2025 மே மாதம், அதே கம்பெனி டெவ்ஸ்ட்ரலை அப்பாச்சி லைசென்ஸில் விட்டது. கம்பெனியின் பெயரை நம்பித் தேர்ந்தெடுத்தவன் கதி என்ன? சீனாவின் அலிபாபா கம்பெனியுடைய க்வென் 2.5 கோடர் வரிசையில் சிறிதும் பெரிதுமாக ஆறு மாடல்கள். ஐந்து அப்பாச்சி லைசென்ஸ். நடுவில் 300 கோடி எண்கள் கொண்ட ஒன்று மட்டும் ஆராய்ச்சிக்கு மாத்திரம்! சிறிய கம்ப்யூட்டருக்குச் சரியாக இருக்கிறதே என்று அதை எடுத்தவன் மாட்டிக்கொள்வான்.

2022 ஆகஸ்டில் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கிய ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு இன்னொரு வகைப் பத்திரம். வியாபாரத்துக்கு உபயோகிக்கலாம், ஆனால் செய்யக்கூடாத காரியங்களின் ஜாபிதா ஒன்று உண்டு. குழந்தைகளுக்குத் தீங்கு செய்யாதே என்பது போன்ற நியாயமான தடைகள் அதில் இருக்கின்றன. மாடலை நீ இன்னொருவருக்குக் கொடுத்தால் அதே தடைகளை அவருக்கும் எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறாய். இது தெரியாமல் கைமாற்றுகிறவர்கள் எத்தனை பேர்!

“நம்மை யார் கேட்கப் போகிறார்கள்?”

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது: “ஊர்க்கோடியில் இருக்கும் அச்சகத்தை ஜெர்மன் கம்பெனி தேடிவந்து கேட்குமா?”

கேட்காமல் இருக்கலாம். ஆனால் கேட்கவில்லை என்பது உரிமை ஆகிவிடுமா? குத்தகைதாரனுக்காவது ஒரு சீட்டு இருக்கிறது. கேட்காத வரையில் அனுபவிப்போம் என்பவன் நிலை, புறம்போக்கில் குடிசை போட்டவனின் நிலை. இன்று ஒரு போஸ்டர். நாளை கூட்டுறவு சங்கத்தின் வேலையோ பாடநூல் வேலையோ கிடைக்கும்போது, “இந்தப் படம் எதில் போட்டது, உரிமை உண்டா?” என்று கேட்பார்கள். அன்றைக்கு மென்று விழுங்குவது யார்? மாடலைச் சிபாரிசு செய்த பண்டிதரா? கூலி வாங்கும் தொழிலாளி!

2024 ஜூனில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஸ்டெபிலிட்டி ஏஐ கம்பெனி ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3 மீடியத்தை வெளியிட்டபோது, வியாபாரத்துக்குத் தனி லைசென்ஸ் என்று நிபந்தனை போட்டது. அதுவரை இந்த மாடல்களுக்காக இரவு பகலாக உழைத்த சாதாரண உபயோகிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். மாடல்களைப் பகிரும் பெரிய தளமான சிவிட்டாய், அந்த மாடலைத் தற்காலிகமாகத் தடை செய்தது. அடுத்த மாதமே கம்பெனி இறங்கிவந்தது. வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் வரை வருமானம் உள்ளவர்களுக்கு இலவசம் என்று பத்திரத்தைத் திருத்தியது. பாடம் என்ன? பத்திரத்தைப் படித்தவர்கள் இருந்ததால்தான் கூச்சல் எழுந்தது. கூச்சல் எழுந்ததால்தான் பத்திரம் மாறியது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2024 ஆகஸ்டில் ரன்வே கம்பெனி, ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் வைத்திருந்த தன் மாடல்களைத் திடீரென்று எடுத்துவிட்டது; பலரும் நம்பியிருந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5-ம் அதில் ஒன்று. பிரதி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆகவே, தேர்ந்தெடுத்த மாடலையும் அதன் லைசென்ஸையும் சேர்த்து ஒரு பிரதி உன் வட்டில் வைத்துக்கொள். கோப்பு “சேஃப்டென்சர்ஸ்” வடிவத்தில் உள்ளதா என்றும் பார். பழைய வகைக் கோப்புகளுக்குள் திருட்டுப் புரோகிராமை ஒளித்து அனுப்ப முடியும். இதில் வெறும் எண்கள்தான் இருக்கும்.

தீனி: உன் கொட்டகை தாங்குமா?

யானையைத் தானம் கொடுக்கிறேன் என்கிறான். வாங்கிக் கட்டத் தும்பு இருக்கிறதா? தீனி போட முடியுமா? 2024 டிசம்பரில் வந்த டீப்சீக் வி3 மாடலில் 67,100 கோடி எண்கள். ஒரு எண்ணுக்கு ஒரு பைட்டு என்றாலும் 671 ஜிபி நினைவகம் வேண்டும். ஒரு சொல்லுக்கு 3,700 கோடி எண்கள்தான் வேலை செய்கின்றன என்பது உண்மை. ஆனால் எல்லாமே கொட்டகையில் நின்றாக வேண்டும். சாதாரணத் தொழிலாளியின் வீட்டில் இதை ஓட்ட முடியாது. பத்திரத்தில் திறந்த மாடல், நடைமுறையில் பணக்காரன் வீட்டு யானை!

கணக்கு எளிது. மாடலில் எத்தனை எண்கள் என்று பார். அதை இரண்டால் பெருக்கு. 700 கோடி எண்கள் என்றால் 14 ஜிபி. ஒவ்வொரு எண்ணையும் நாலு பிட்டாகச் சுருக்கினால் அதில் கால் பங்கு, சுமார் 3.5 ஜிபி, மேற்செலவுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள். ஃப்ளக்ஸுக்கு 1,200 கோடி எண்கள். சுருக்காமல் 24 ஜிபி. 2025 ஆகஸ்டில் வந்த க்வென்-இமேஜுக்கு 2,000 கோடி, 40 ஜிபி. சுருக்கினால் கொஞ்சம் தரம் குறையும். ஆனால் வீட்டில் ஓடும். ஓபன்ஏஐ கம்பெனி 2025 ஆகஸ்டில் அப்பாச்சி லைசென்ஸில் விட்ட இரண்டு மாடல்களில் சிறியதற்கு 16 ஜிபி போதும். பெரிதே சிறந்தது என்ற மயக்கத்தை விட்டொழி. உன் கம்ப்யூட்டரில் ஓடாத மாடல் உனக்குச் சொந்தமானது அல்ல.

ஏர்: உன் வயலில் ஓட்டிப் பார்

“பட்டியலில் எது முதலிடமோ அதை எடு” என்பது அடுத்த உபதேசம். அந்த மார்க்கு எப்படிப் போடப்படுகிறது? புரோகிராம் எழுதும் மாடல்களுக்குப் பேர் போன பரீட்சை ஹியூமன்எவல். 2021-ல் ஓபன்ஏஐ வெளியிட்டது. மொத்தம் 164 கேள்விகள். எல்லாம் பைத்தான் மொழிக்கு. கேள்வித்தாள் ஊரறிய வெளியான பிறகு, அதைப் படித்தே வளர்ந்த மாடல் நூற்றுக்கு நூறு வாங்கினால் அது மேதாவித்தனமா? நோட்ஸ் மனப்பாடமா?

சந்தாக் கணக்கு நண்பர் மூன்று மாடல்களை ஒரே வேலையில் பூட்டிப் பார்த்தார். மார்க்குப் பட்டியலில் மேலே நின்ற ஒன்று, நவம்பர் 30-லிருந்து மூன்று மாதம் கழித்து என்றால் பிப்ரவரி 30 என்று தேதி போட்டுப் புரோகிராமை நிறுத்திவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, பிழை தெரிந்துவிட்டது. இரண்டாவது மாடல் மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொண்டது. புரோகிராம் ஓடியது, பட்டியல் வந்தது, யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பன்னிரண்டு முப்பது 360! வருஷ சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் ஐந்து நாள் சத்தமில்லாமல் திருட்டுப் போயிருக்கும். மூன்றாவது தேதியைச் சரியாகப் போட்டது. ஆனால் முகவரிச் சீட்டில் பெயரை வெட்டும்போது “கி” என்பதை ஒரே எழுத்து என்று அறியாமல், கொக்கியைக் கழற்றிவிட்டு “க” என்று நிறுத்தியது. இந்தப் பிழைகளை எந்தப் பட்டியலும் சொல்லாது. உன் வயலின் கல்லும் கட்டியும் உனக்குத்தான் தெரியும்.

போஸ்டர் நண்பருக்கும் ஒரு பாடம். அறுவடைக் காட்சியை மாடல் அழகாகப் போட்டது. அதே படத்தில் தமிழில் தலைப்பையும் எழுதச் சொன்னார். வந்தது தமிழும் அல்ல, வேறெந்த மொழியும் அல்ல! க்வென்-இமேஜ் எழுத்து எழுதுவதில் கெட்டிக்காரன் என்று பேர். அந்தக் கெட்டிக்காரத்தனம் சீனத்துக்கும் ஆங்கிலத்துக்கும். ஆகவே, படத்தை மட்டும் மாடலிடம் வாங்கு. எழுத்தை நல்ல தமிழ் எழுத்துருவில் நீயே பதி என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். படத்தின் பிழை கண்ணுக்குத் தெரியும். ஆறு விரலைப் பார்த்ததும் தூக்கிப் போடுவோம். புரோகிராமின் பிழை கணக்குக்குள் பதுங்கிக் கிடக்கும். ஆனால் படம் ஊர் முழுக்கச் சுவரில் ஒட்டப்படும். புரோகிராமோ ஆபீசுக்குள் இருக்கும். ஆகவே, பட மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது பத்திரத்தில் கண் வை. புரோகிராம் மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது பத்திரத்தைவிடச் சோதனையில் இரண்டு மடங்கு கண் வை.

சீனமா, அமெரிக்காவா?

இன்னொரு மயக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2025 ஜனவரியில் டீப்சீக் ஆர்1 எம்ஐடி லைசென்ஸில் வந்தது. 27-ந் தேதி ஒரே நாளில் அமெரிக்காவின் என்விடியா கம்பெனியின் பங்குகள் 50,000 கோடி டாலருக்கு மேல் மதிப்பு இழந்தன. நம்மவர்களில் சிலர் கைதட்டினார்கள். கைதட்டட்டும். ஆனால் “சீனத்து மாடல், ஆகவே நம்முடையது” என்று எடுப்பது ஆராய்ச்சி அல்ல, பக்தி. அலிபாபாவும் லாப நோக்கமுள்ள கம்பெனிதான். “சீனத்து மாடல், ஆகவே தொடாதே” என்று பயமுறுத்துவதும் அதே ரகம். 2025 ஜனவரியில் இத்தாலி அரசு ஸ்தாபனம் டீப்சீக் செயலியைத் தடுத்தது ஜனங்களின் விவரங்கள் அதன் மூலம் என்ன ஆகின்றன என்ற கேள்வியால். செயலி வேறு, மாடல் கோப்பு வேறு! செயலியில் நீ எழுதுவது கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. கோப்பை இறக்கி உன் கம்ப்யூட்டரில் ஓட்டினால், சந்தாதாரர் பட்டியல் உன் அறையை விட்டு வெளியே போகாது. அமெரிக்க மாடலுக்கும் இதே விதிதான்.

“வாடகைக்குக் கிடைக்கும் மூடிய மாடல்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானவை” என்பார்கள். கடினமான புரோகிராம் வேலையில் பல சமயம் அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாடகை உயர்ந்தால் யாரிடம் முறையிடுவாய்? இன்று சரியாக வேலை செய்தது நாளை மாற்றப்பட்டால் என்ன செய்வாய்? அன்றாட வேலைக்குச் சொந்த மாடு. மலையை உடைக்க வேண்டியிருந்தால் அன்றைக்கு மட்டும் வாடகை யந்திரம். இதுவே விவேகம்.

மறக்கக்கூடாத கடன்

கடைசியாக ஒன்று. ஸ்டேபிள் டிஃப்யூஷன் பழகியது லேயன் என்ற தொகுப்பில். அதில் இணையத்திலிருந்து எடுத்த 585 கோடிப் படங்களின் முகவரிகள். வரைந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் மூன்று ஓவியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பத்திரம் சுத்தமாக இருந்தாலும் மாவுக்குள் இருப்பது யாரோ ஒருவரின் வயல் தானியம்தான். அதனால்தான் நம் அச்சக நண்பரிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டேன்: உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவரின் பெயரைச் சொல்லி, “அவர் பாணியில் போடு” என்று மாடலைக் கேட்கக்கூடாது. அந்தப் பாணி வேண்டுமானால் அந்த ஓவியருக்குக் கூலி கொடுத்துக் கேட்பது.

முடிவில் என்ன எடுத்தார்கள்? போஸ்டருக்குச் சுருக்கிய ஷ்னெல். சந்தாக் கணக்குக்கு, அப்பாச்சி லைசென்ஸ் உள்ள 700 கோடி எண் மாடல். அது எழுதுகிற ஒவ்வொரு வரியையும் நண்பர் பழைய கணக்கு நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்கிறார். ஆறு மாதத்தில் இந்தப் பெயர்கள் பழசாகிவிடும். புதிய மாடுகள் சந்தைக்கு வரும். தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும்!

பத்திரத்தைப் படி! பாரத்தை அள! உன் ஏரில் பூட்டிப் பார்! அதன் பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வா.